அன்புக்குரியவரை இழந்தபின் ஆதரவு தேடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துக்கத்தில் இருப்பவர்கள் கூடிப் பேசும் சிறு குழு ஒன்றில் தன்னார்வலராக இருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் கூட்டத்தில் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. எல்லாம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போதுதான் மெதுவாக அருகில் வந்து கேட்பார்கள். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் ஏறக்குறைய அவையேதான். அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவர் தேவைப்படும் இடங்களை அங்கங்கே குறித்திருக்கிறேன். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் உங்களுக்கு இப்போது இருந்தால், மற்றதை அப்புறம் படிக்கலாம். முதலில் 12-ஆம் கேள்விக்குப் போங்கள்.

1. உலகத்துல எல்லாரும்தான் யாரையாவது இழக்கறாங்க. அதுக்குப் போய் ஆதரவு, ஆலோசனைன்னு அலையணுமா?

ஆலோசகரிடம் எல்லோரும் போக வேண்டியதில்லை. துக்கம் நோய் கிடையாது. பெரும்பாலானவர்கள் குடும்பம், நண்பர்கள், அன்றாட வேலை இவற்றின் துணையோடு மெல்லத் தேறிவிடுகிறார்கள். இழப்பு நேர்ந்த எல்லோருக்கும் பொதுவாக ஆலோசனை கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் பெரிய பலன் தெரியவில்லை. கடுமையாகத் தவிப்பவர்களுக்குக் கொடுத்தபோதுதான் பலன் தெரிந்தது.

ஆனால் ஆலோசனை வேறு, ஆதரவு வேறு. இரவு பதினோரு மணிக்குப் போன் செய்தால் எடுக்க ஓர் ஆள் இருப்பது ஆதரவு. அலுவலக வரிசையில் உங்களுக்குப் பதிலாக ஒருவர் நிற்பதும் ஆதரவு. இது எல்லோருக்கும் வேண்டும், 'நான் பார்த்துக்கறேன்' என்று சொல்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான்.

2. அம்மா போனப்போ எனக்கு அழுகையே வரல. எல்லாரும் ஒரு மாதிரி பாக்கறாங்க. நான் கல்நெஞ்சக்காரியா?

இல்லை. முதல் சில நாட்கள் மரத்துப்போன மாதிரி இருப்பது மிகச் சாதாரணம். வருகிறவர்களைக் கவனிப்பது, காகிதங்களில் கையெழுத்துப் போடுவது, யார் யாருக்குச் சொல்லவில்லை என்று பட்டியல் போடுவது என்று ஓடியவர்களுக்கு அழுகை பல வாரம் கழித்து, சம்பந்தமே இல்லாத இடத்தில் வரும். சிலருக்குக் கடைசி வரை கண்ணீராக வராமலும் போகலாம். அழுகையின் அளவை வைத்துப் பாசத்தின் அளவைச் சொல்ல முடியாது.

3. துக்கத்துக்கு அஞ்சு கட்டம் இருக்காமே. நான் இப்ப எந்தக் கட்டத்துல இருக்கேன்?

எந்தக் கட்டத்திலும் இல்லை. மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற ஐந்தையும் 1969-இல் எழுதியவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர். தாமே சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளிடம் பேசித்தான் அவர் அதை எழுதினார். பிற்பாடு அது உயிரோடு இருப்பவர்களின் துக்கத்துக்கும் பொருத்தப்பட்டு, படிக்கட்டு மாதிரி பரவிவிட்டது. எல்லோரும் அந்த வரிசையில் போகிறார்கள் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. 'எனக்குக் கோபமே வரலையே, கட்டத்தை விட்டுட்டேனா' என்று கவலைப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பாவம், இருக்கிற பாரம் போதாதென்று இது வேறு.

எனக்கு உதவியாகத் தோன்றுவது மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-இல் சொன்ன விளக்கம். துக்கத்தில் இருப்பவர் இரண்டு பக்கமும் போய்ப் போய் வருகிறார் என்கிறார்கள். ஒரு பக்கம் இழப்பையே நினைத்து ஏங்குவது. இன்னொரு பக்கம் மின்கட்டணம் கட்டுவது, அவர் செய்துவந்த வேலையைப் புதிதாகக் கற்றுக்கொள்வது, கொஞ்ச நேரம் எல்லாவற்றையும் மறந்து சிரிப்பது. காலையில் சிரித்துவிட்டு மாலையில் உடைந்துபோனால் பின்னோக்கிப் போய்விட்டோம் என்று பொருள் இல்லை. இப்படிப் போய்வருவதுதான் தேறும் வழி.

4. எத்தனை மாசத்துல சரியாகும்? ஒரு கணக்கு சொல்லுங்க.

சொல்ல முடிந்தால் சொல்லிவிடுவேன். நாள் கணக்கு இல்லை, ஆனால் ஒரு போக்கு உண்டு. துக்கம் அலை அலையாக வரும். 1942-இல் பாஸ்டன் நகரத்து இரவு விடுதி ஒன்றில் நடந்த பெரிய தீவிபத்துக்குப் பிறகு, உறவினரை இழந்தவர்களைக் கவனித்த எரிக் லிண்டமன் என்ற மருத்துவர் இதை 1944-இல் எழுதினார்: தொண்டை அடைப்பு, மூச்சுத் திணறல், வயிற்றில் வெறுமை என்று உடம்போடு வரும் அலை, ஒரு தடவைக்கு 20 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை நீடிக்கும். முதலில் அலைகள் அடுத்தடுத்து வரும். அப்புறம் இடைவெளி கூடும். வருகிற அலையின் வேகம் மட்டும் சில சமயம் பழையபடியே இருக்கும்.

பிறந்தநாள், இறந்த தேதி, மருத்துவமனையில் கடைசியாகச் சேர்த்த மாதம் இவை நெருங்கும்போது மறுபடி கனக்கும். இரண்டாம் வருடம் முதல் வருடத்தைவிடக் கஷ்டமாக இருந்தது என்று பலர் சொல்கிறார்கள். முதல் வருடம் துணைக்கு ஆள் இருந்தது, மரத்துப்போன தன்மையும் கொஞ்சம் காப்பாற்றியது, இரண்டும் போன பிறகுதான் வீடு வெறிச்சோடியது தெரிந்தது என்பார்கள். அந்தத் தேதிகளை நாட்காட்டியில் குறித்து, அன்று யாரோடு இருக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள்.

5. நெஞ்சு அழுத்துது, எதுவும் ஞாபகம் நிக்க மாட்டேங்குது. எல்லாம் மனசுதானே?

மனசு மட்டும் இல்லை. தூக்கமின்மை, பசியின்மை, களைப்பு, மறதி, அடிக்கடி சளி பிடிப்பது எல்லாம் துக்கத்தோடு வருபவை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டே தேடுவீர்கள். மறதிக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் பெரிய பணப் பரிமாற்றம், வீட்டை விற்பது போன்றவற்றை முடிந்தவரை தள்ளிப்போடுங்கள்.

நெஞ்சு வலியை மட்டும் துக்கம் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். கடும் அதிர்ச்சியில் இதயத் தசை தற்காலிகமாகப் பலவீனமாகும் நிலை ஒன்று 1990-இல் ஜப்பானிய மருத்துவர்களால் விவரிக்கப்பட்டது. டகோட்சுபோ என்று பெயர். மாரடைப்பு போலவே இருக்கும், பரிசோதிக்காமல் பிரித்துச் சொல்ல முடியாது. பிரிட்டனில் மனைவியை இழந்த 55 வயதுக்கு மேற்பட்ட 4,486 ஆண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 1969-இல் வெளிவந்தது. முதல் 6 மாதங்களில் அவர்களின் இறப்பு, அதே வயதுடைய திருமணமான ஆண்களுக்கு எதிர்பார்க்கப்படுவதைவிட 40 சதவீதம் கூடுதலாக இருந்தது. நோயாளியைப் பார்த்துக்கொண்ட மாதங்களில் தன் ரத்த அழுத்த மாத்திரையையே விட்டுவிட்டவர்கள் எத்தனையோ பேர். மருத்துவரிடம் போய், 'வீட்டில் இப்படி ஆகிவிட்டது' என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

6. 'ஏதாவது வேணும்னா சொல்லு'ன்னு எல்லாரும் சொல்றாங்க. எதைச் சொல்றது? கேட்கவே கூச்சமா இருக்கு.

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான் என்பது என் எண்ணம். ஆதரவு கிடைக்கவில்லை என்று சொல்பவர்களில் பலரைச் சுற்றி உதவத் தயாராக ஆட்கள் இருக்கிறார்கள். என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, என்ன கேட்பது என்று இவருக்கும் தெரியவில்லை. ஒரு மாதம் இப்படியே போனால் அவர்கள் கூச்சத்தில் விலகிவிடுவார்கள்; 'யாருமே எட்டிப் பார்க்கல' என்று இவர் நொந்துபோவார்.

தெரிந்த முகங்களை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். சிலர் நன்றாகக் காது கொடுப்பார்கள். சிலருக்குப் பேச்சு வராது, ஆனால் வேலையைச் சொன்னால் பறந்து செய்வார்கள். சிலரோடு இருந்தால் ஒரு மணி நேரம் எல்லாம் மறந்திருக்கும். மூன்றும் ஒரே ஆளிடம் கிடைப்பது அபூர்வம். குழாய் சரிசெய்ய ஓடிவரும் மைத்துனரிடம் மனசைக் கொட்டிவிட்டு, அவர் பேச்சை மாற்றினார் என்று வருந்தினால் இருவருக்கும் சங்கடம்தான்.

கேட்கும்போது நாள், நேரம், வேலை மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். 'உதவி வேணும்' என்பதைவிட, 'வியாழக்கிழமை நாலு மணிக்குப் பசங்களை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வர முடியுமா?' என்பதற்குப் பதில் சொல்வது எளிது. பேச நா எழவில்லையா? இப்படி ஒரு செய்தியை எழுதி வைத்துக்கொண்டு தேவைப்பட்டவருக்கு அனுப்புங்கள்: 'இப்ப பேசற நிலைமையில இல்ல. ஆனா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து சும்மா பக்கத்துல உட்கார்ந்திருந்தா போதும். ஆறுதல் எதுவும் சொல்ல வேண்டாம்.' குழுவில் ஒரு பெண்மணி செய்ததை நான் எல்லோருக்கும் சொல்வேன். செய்ய வேண்டிய வேலைகளை ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டார்: வங்கிக்குப் போக வேண்டும், பால்கனி பல்பு மாற்ற வேண்டும், சான்றிதழ் நகல் எடுக்க வேண்டும் என்று. 'ஏதாவது வேணுமா' என்று கேட்டவர்களைச் சமையலறைக்கு அனுப்பிவிடுவார். அவரவர் ஒன்றின் எதிரே தன் பெயரை எழுதிவிட்டுப் போனார்கள்.

அதற்கும் தெம்பு இல்லாவிட்டால், நெருங்கிய ஒருவரிடம் 'இந்த மாசம் எனக்குப் பதிலா நீ பேசு' என்று ஒப்படைத்துவிடுங்கள். போன்களும் விசாரிப்புகளும் அவர் வழியாக வரட்டும்.

7. எனக்கு அப்படி ஆளே இல்லையே. இருந்தது அவர் ஒருத்தர்தான்.

மிகவும் கடினமான நிலை இது. அறிமுகம் இல்லாதவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும், அதில் தவறில்லை. அவர் கடைசிக் காலத்தில் வலிதணிப்புச் சிகிச்சைப் பிரிவிலோ ஹாஸ்பிஸ் என்ற இறுதிக்காலப் பராமரிப்பு இல்லத்திலோ இருந்தாரென்றால் முதலில் அங்கே கேளுங்கள். சிசிலி சாண்டர்ஸ் என்ற மருத்துவர் 1967-இல் லண்டனில் தொடங்கிய ஹாஸ்பிஸ் காலத்திலிருந்தே குடும்பத்தாரையும் கவனிப்பது அந்தத் துறையின் வேலையில் ஒரு பகுதி. கேட்டவர்களுக்குத்தான் தெரியும், பல இடங்களில் இது இலவசம். வேலை செய்யும் இடத்தில் ஊழியர்களுக்கான ஆலோசனை வசதி இருக்கலாம். வழிபாட்டிடம், நூலகம், நடைப்பயிற்சிக் குழு போன்ற இடங்களுக்கு வாரம் ஒரு தடவை ஒரே நேரத்தில் போனாலும் முகங்கள் பழகும். உதவித் தொலைபேசி எண்கள் ஆபத்துக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், தனிமைக்காகவும் அழைக்கலாம்.

8. 'விதி', 'வயசாயிடுச்சு, நல்ல சாவு', 'இன்னொரு குழந்தை பெத்துக்கலாம்'... இதுக்கெல்லாம் என்ன பதில் சொல்றது?

பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று இல்லை. அவர்களில் பெரும்பாலோர் கொடுமைக்காகச் சொல்வதில்லை; மௌனத்தைத் தாங்க முடியாமல் எதையோ சொல்லி நிரப்புகிறார்கள். 'வந்ததுக்கு நன்றி' என்று நகர்ந்துவிடலாம். திரும்பத் திரும்ப வரும் நெருங்கியவராக இருந்தால், 'நீங்க அப்படிச் சொல்லும்போது எனக்கு இன்னும் வலிக்குது, அவரைப் பத்தி ஏதாவது ஞாபகம் இருந்தா சொல்லுங்க' என்று கேளுங்கள். சொல்ல ஒன்றைக் கையில் கொடுத்தால் பலர் மாறிவிடுவார்கள். மாறாதவர்களை இந்த வருடம் கொஞ்சம் தள்ளியே வைக்கலாம்.

9. ஆதரவுக் குழுவுல என்னதான் நடக்கும்? அடுத்தவங்க அழுகையைக் கேட்டா எனக்கு இன்னும் மோசமாகாதா?

வட்டமாக உட்கார்வோம். பெயர், யாரை இழந்தோம் என்று மட்டும் சொல்வோம். அதற்குமேல் பேச விருப்பமில்லாவிட்டால் பேச வேண்டாம். அறிவுரை சொல்வதை ஒருங்கிணைப்பவர் தடுப்பார். கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. அவ்வளவுதான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பதுதான் இத்தகைய குழுக்களின் அடிப்படை. பிரிட்டனில் துக்கத்தில் இருப்பவர்களுக்காக க்ரூஸ் என்ற அமைப்பு 1959-இல் தொடங்கியது. பிள்ளையை இழந்த பெற்றோருக்காக 'தி கம்பேஷனேட் ஃப்ரெண்ட்ஸ்' 1969-இல் தொடங்கி இன்று பல நாடுகளில் இருக்கிறது.

முதல் கூட்டம் முடிந்த இரவு கனமாகத்தான் இருக்கும். ஒரு தடவையை வைத்து முடிவு செய்யாமல் இரண்டு மூன்று தடவை போய்ப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வாடிப்போய்த் திரும்பினால் அந்தக் குழு உங்களுக்கானது இல்லை, விட்டுவிடலாம். இழப்பு ஒத்திருக்கும் குழுவாக இருந்தால் நல்லது. பணம் பிடுங்குகிற, ஏதாவது ஒன்றை விற்கிற, இறந்தவரோடு பேச வைக்கிறோம் என்கிற குழுவாக இருந்தால் அன்றே எழுந்து வந்துவிடுங்கள்.

10. ஆலோசகர், உளவியலாளர், மனநல மருத்துவர்... இதுல யாரைப் பாக்கணும்?

பேசி வழி காண ஆலோசகர் அல்லது மருத்துவ உளவியலாளர். மருந்து தேவையா என்று பார்க்க மனநல மருத்துவர். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமே கேட்கலாம். ஆலோசகர் என்ற பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளும் இடங்கள் உண்டு. அதனால் படிப்பு என்ன, பதிவு உண்டா, துக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்த அனுபவம் உண்டா, ஒரு அமர்வுக்கு எவ்வளவு என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். கேட்டால் கோபப்படுகிறவரிடம் போக வேண்டாம். முதல் ஆள் ஒத்துவரவில்லை என்றால் ஆலோசனையே ஒத்துவராது என்று முடிவு கட்ட வேண்டாம்.

11. தூக்க மாத்திரை போட்டா சமாளிச்சிடலாம் இல்ல?

துக்கத்துக்கென்று மாத்திரை கிடையாது. தூக்கம் அடியோடு போய்விட்டால் மருத்துவர் சில நாட்களுக்குக் கொடுக்கலாம். நீண்ட நாள் எடுத்தால் பழக்கமாகிவிடும் வகைகள் உண்டு. மனச்சோர்வும் சேர்ந்திருந்தால் அதற்கு மருந்து பலன் தரும். அடுத்தவர் மாத்திரையையும், இறந்தவர் விட்டுச்சென்ற மாத்திரையையும் தொடவே தொடாதீர்கள். மீந்த வலி மருந்துகளை மருந்துக் கடையிலோ மருத்துவமனையிலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அடுத்த கேள்விக்கும் அது சம்பந்தப்பட்டது. மது தூக்கத்தைக் கெடுக்கும், விடியற்காலைத் தவிப்பைக் கூட்டும்.

12. அவர் இல்லாம நான் எதுக்கு இருக்கணும்னு தோணுது. இது தப்பா?

தப்பில்லை, சொன்னது நல்லது. 'நானும் அவரோடு போயிருக்கலாம்' என்ற ஏக்கம் துக்கத்தில் பலருக்கு வந்துபோகும். ஆனால் எப்படிச் சாவது என்று யோசிப்பது, அதற்கானதைச் சேர்த்து வைப்பது, பிறருக்குக் கடிதம் எழுதி வைப்பது என்ற இடத்துக்கு வந்திருந்தால் இது அவசரம். இன்றே, இப்போதே ஒருவரிடம் அதே வார்த்தைகளில் சொல்லுங்கள்: 'எனக்குச் சாகணும்னு தோணுது, என்னைத் தனியா விடாதே.' உங்கள் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அவசர மருத்துவ எண்ணையோ அழையுங்கள், அல்லது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மாத்திரைகளை வேறொருவர் பொறுப்பில் விட்டுவிடுங்கள்.

பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று. 'தற்கொலை எண்ணம் வருதா?' என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கேளுங்கள்.

13. எப்ப இது சாதாரணத் துக்கம் இல்ல, சிகிச்சை வேணும்னு சொல்றாங்க?

நீடித்த துக்கக் கோளாறு என்ற ஒன்று இப்போது மருத்துவ வகைப்பாடுகளில் இருக்கிறது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல் குறைந்தது 6 மாதம் என்கிறது. அதே ஆண்டு திருத்தப்பட்ட அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு பெரியவர்களுக்கு 12 மாதம், பிள்ளைகளுக்கு 6 மாதம் என்கிறது. காலம் மட்டும் அளவுகோல் இல்லை. 4-ஆம் பதிலில் சொன்ன அலைகளின் இடைவெளி அதிகமாகவே ஆகாமல், ஏறக்குறைய தினமும் முதல் வாரம் போலவே ஏக்கம் இருப்பது, நடந்ததை நம்ப முடியாமை, தன்னில் ஒரு பாதி செத்துவிட்ட உணர்வு, வேலையோ வீடோ ஓடாத நிலை இவை சேர்ந்திருக்க வேண்டும்.

இதற்கென்றே உள்ள பேச்சுச் சிகிச்சை இருக்கிறது. காத்தரின் ஷியர் என்ற மருத்துவர் உருவாக்கிய முறையில் சுமார் 16 அமர்வுகள். இறந்த தருணத்தைத் திரும்பச் சொல்வதும், தவிர்த்துவந்த இடங்களுக்கு மெல்லப் போவதும் அதில் உண்டு. பெயரைக் கேட்டு நடுங்க வேண்டாம். பலருக்குப் பலன் தந்த சிகிச்சை இது.

14. ராத்திரி அவர் கேட் திறக்கிற சத்தம் கேட்குது. பைத்தியம் பிடிக்குதா?

இல்லை. வேல்ஸ் பகுதியில் துணையை இழந்த 293 பேரிடம் விசாரித்து டெவி ரீஸ் என்ற மருத்துவர் 1971-இல் எழுதினார்: ஏறக்குறைய பாதிப்பேர் இறந்தவர் அருகில் இருப்பதாக உணர்ந்திருந்தார்கள், சிலர் பார்த்தும் கேட்டும் இருந்தார்கள். பெரும்பாலோர் அதை யாரிடமும் சொன்னதில்லை. பலருக்கு அது ஆறுதலாகவே இருந்தது. அந்தக் குரல் உங்களைத் திட்டினாலோ, எதையாவது செய்யச் சொல்லிக் கட்டளையிட்டாலோ மருத்துவரைப் பாருங்கள்.

15. அவரோட துணி, போன் எல்லாத்தையும் எடுத்துடச் சொல்றாங்க. மனசு வரல.

எடுக்க வேண்டாம். கெடு எதுவும் இல்லை. ஒரேயடியாக எடுத்துவிட்டுப் பிறகு ஒரு சட்டைக்காக ஏங்கியவர்கள்தான் அதிகம். மூன்று பெட்டி வையுங்கள்: வைத்துக்கொள்ள, கொடுக்க, இப்போது முடிவு செய்ய முடியாதது. மூன்றாவது பெட்டி பெரிதாகவே இருக்கட்டும்.

போன் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் அவசரம் உண்டு. பயன்படுத்தாத வாட்ஸ்அப் கணக்கு பொதுவாக 120 நாட்களில் அழிக்கப்படும். 2 ஆண்டு பயன்படாத தனிநபர் கூகுள் கணக்கையும் அந்த நிறுவனம் நீக்கலாம், அதிலிருக்கும் படங்களோடு சேர்த்து. அவர் உங்களுக்கு அனுப்பிய குரல் பதிவுகளையும் படங்களையும் உங்கள் போனிலிருந்து வேறொரு இடத்தில் நகலெடுத்துப் போடுங்கள். இப்போது கேட்க முடியாது என்றாலும் பரவாயில்லை. 'சீக்கிரம் வா, கதவைப் பூட்டணும்' என்ற ஆறு வினாடிப் பதிவைக்கூட விடாதீர்கள். எண்ணை ரத்து செய்வதற்கு முன் இதை முடித்துவிட வேண்டும். ரத்தான எண் பிறகு வேறொருவருக்குப் போகும், அந்த எண்ணில் யாரோ ஒருவரின் படம் தெரிவது சிலரை உலுக்கிவிடுகிறது.

16. பிள்ளைகிட்ட 'தாத்தா தூங்கறார்'னு சொல்லிட்டோம். சரிதானே?

மாற்றிச் சொல்லிவிடுவது நல்லது. தூங்குகிறார் என்றால் பிள்ளை தூங்கப் பயப்படும். ஊருக்குப் போயிருக்கிறார் என்றால் வாசலையே பார்த்திருக்கும். 'தாத்தா செத்துட்டார். அவரோட உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு. அவருக்கு வலிக்காது, அவர் திரும்பி வர மாட்டார்' என்று சுருக்கமாகச் சொல்லுங்கள். சாவு மீள முடியாதது, எல்லோருக்கும் வருவது என்பது பெரும்பாலும் 5 முதல் 7 வயதுக்குள்தான் மெல்லப் பிடிபடும். அதனால் அதே கேள்வியைத் திரும்பக் கேட்கும். அதே பதிலைச் சொல்லுங்கள். தான் சண்டை போட்டதால்தான் தாத்தா போனார் என்று மனதுக்குள் வைத்திருக்கலாம், 'உன்னால இல்ல' என்பதை அது கேட்காமலே சொல்லிவிடுங்கள்.

அழுதுவிட்டு ஐந்தாவது நிமிடம் விளையாடப் போகும். அதுதான் அந்த வயதின் துக்கம். பள்ளி ஆசிரியருக்கும் தகவல் சொல்லிவையுங்கள்.

17. மகன் போனதிலிருந்து வீட்டுக்காரர் வாயே திறக்கறதில்ல. எப்பவும் வேலை. அவருக்கு வருத்தமே இல்லையா?

இருக்கும். சிலர் பேசியும் அழுதும் ஆற்றிக்கொள்வார்கள், சிலர் எதையாவது செய்துகொண்டே இருப்பார்கள். 3-ஆம் பதிலில் சொன்ன இரண்டு பக்கங்களில் நீங்கள் ஒன்றில் இருக்கும்போது அவர் மற்றொன்றில் இருக்கலாம். 'உங்களுக்கு வருத்தமே இல்ல' என்று தொடங்கினால் சண்டையில் முடியும். சேர்ந்து ஒரு வேலையை எடுங்கள், அவன் படங்களை வரிசைப்படுத்துவது போல. முகம் பார்த்து உட்கார்ந்தால் வராத பேச்சு, கை வேலையாக இருக்கும்போது சில சமயம் வந்துவிடும். வராவிட்டாலும், அவரிடமே எல்லா ஆறுதலையும் எதிர்பார்க்காமல் 6-ஆம் பதிலில் உள்ள மற்ற ஆட்களிடம் போங்கள். ஒரே நேரத்தில் மூழ்கும் இருவர் ஒருவரையொருவர் தூக்குவது கடினம்.

18. என் இழப்பை யாரும் இழப்பாவே பாக்கல. கரு கலைஞ்சது / விவாகரத்தான கணவர் / யாருக்கும் தெரியாத காதல் / என் நாய்...

கென்னத் டோக்கா என்ற ஆய்வாளர் 1980-களின் இறுதியில் இதைப் பற்றி விரிவாக எழுதினார்: சுற்றியுள்ளவர்கள் அங்கீகரிக்காத துக்கம். விடுப்பு கிடையாது, விசாரிப்பு கிடையாது, பகிரங்கமாக அழ இடமும் கிடையாது. அதனால்தான் கூடுதலாக வலிக்கிறது. இங்கே முதலில் தேட வேண்டியது தெரிந்த ஒரே ஒரு ஆளை, இல்லையென்றால் அதே இழப்புக்கான இணையக் குழுவை. உங்கள் பெயரை வெளியே சொல்லாமலே சேரக்கூடிய குழுக்கள் உண்டு. அலுவலகத்தில் காரணம் சொல்ல முடியாவிட்டால் உடல்நிலை என்று சொல்லி விடுப்பு எடுங்கள். 5-ஆம் பதிலைப் படித்தால் அது பொய்யும் இல்லை.

19. வெளியே சொல்லக் கூடாது, ஆனா அவர் போனதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு.

பல வருடம் படுக்கையில் இருந்தவரைப் பார்த்துக்கொண்டவர்கள் இதை நிறையச் சொல்கிறார்கள். குடித்துவிட்டு அடித்தவரை இழந்தவர்களும் சொல்கிறார்கள். நிம்மதியும் துக்கமும் ஒன்றாக இருக்கும், ஒன்று இருப்பதால் மற்றது பொய்யாகிவிடாது. உறவினர்களிடம் சொல்ல முடியாததை ஆலோசகரிடம் சொல்லலாம். முகம் சுளிக்காமல் கேட்பது அவர் தொழில்.

20. தம்பி தற்கொலை பண்ணிக்கிட்டான். எல்லாரும் 'ஏன்'னு கேக்கறாங்க. நான் கவனிச்சிருந்தா தடுத்திருக்கலாமோ?

நடந்த பிறகு பார்த்தால் எல்லாம் அறிகுறியாகத் தெரியும். அன்றைக்கு உங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தற்கொலை பெரும்பாலும் ஒரே காரணத்தால் நடப்பதில்லை. ஒரு சொல்லோ ஒரு எடுக்காத போனோ அதைத் தீர்மானிப்பதில்லை. வெளியாருக்கு ஒரு வரியைத் தயாராக வையுங்கள்: 'அவன் தற்கொலை செஞ்சுக்கிட்டான். அதுக்கு மேல பேச விரும்பல.' வீட்டுக்குள் பொய்க் காரணம் சொல்ல வேண்டாம், பிள்ளைகளுக்கு வேறு யார் மூலமாவது தெரியவரும்.

இப்படி இழந்தவர்களுக்கும் தற்கொலை ஆபத்து கூடுதல் என்பதால் 12-ஆம் பதிலை வீட்டில் எல்லோரும் படியுங்கள். இந்த இழப்புக்கென்றே தனிக் குழுக்கள் உண்டு. பொதுக் குழுவைவிட அதையே நான் சொல்வேன். ஆலோசகரையும் தள்ளிப்போடாமல் பாருங்கள்.

21. அம்மாவோட பழைய மெசேஜை எல்லாம் கொடுத்தா அவங்க மாதிரியே பேசற ஏஐ இருக்காம். பண்ணலாமா?

சமீபத்தில் அடிக்கடி வரும் கேள்வி. பதிவு செய்த அம்மாவின் குரலைக் கேட்பது வேறு, அம்மா சொல்லாததை அம்மா சொல்வதாகக் கேட்பது வேறு என்பது என் கருத்து. இறந்தவரோடு மனதளவில் உறவு தொடர்வது இயல்பானது, கடிதம் எழுதலாம், படத்தோடு பேசலாம். அந்த நிரல் உளறினால், கட்டணம் கட்டவில்லையென்று நின்றுபோனால், இரண்டாவது தடவை இழப்பீர்கள். முதல் மாதங்களில் வேண்டாம். அந்தரங்கச் செய்திகளை ஏதோ ஒரு நிறுவனத்திடம் கொடுக்கிறோம் என்பதும் நினைவிருக்கட்டும்.

22. துக்கத்துல இருக்கறது நான் இல்ல, என் சிநேகிதி. நான் என்ன பண்ணட்டும்?

6-ஆம் பதிலைத் திருப்பிப் போட்டுப் படியுங்கள். 'ஏதாவது வேணும்னா சொல்லு' என்பதை விட்டுவிட்டு, 'நாளைக்குப் பத்து மணிக்கு வர்றேன், துணி துவைச்சுப் போடறேன், வேண்டாம்னா சொல்லு' என்று சொல்லுங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். ஞாபகப்படுத்திவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம், அவள் மறந்தால்தானே. பதில் வராத செய்திக்குக் கோபப்படாமல் அடுத்த வாரம் இன்னொன்று அனுப்புங்கள், 'பதில் போட வேண்டாம்' என்ற குறிப்போடு. முதல் வாரம் கூட்டத்தில் ஒருவராகப் போவதைவிட நாலாவது மாதம் தனியாகப் போவது அவளுக்கு உதவும். இப்போதே போனை எடுத்து அந்த மாதத்தில் ஒரு நினைவூட்டல் வையுங்கள், அவர் இறந்த தேதிக்கு ஒன்றும்.